'இந்த வயதில் இது எதற்கு?' – முதுமை, விறைப்புக் குறைபாடு, நமது கற்றறிந்த மௌனம்

(நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் முழுவதும் படித்துவிட்டு மறுக்கலாம்.)

அண்மையில் இந்நகரின் கல்விக்கூடம் ஒன்றில் முதுமை குறித்த கருத்தரங்கம் நடந்தது. ஓய்வூதியம், தனிமை, மறதிநோய், பிள்ளைகளின் புலம்பெயர்வு, பகல்நேரப் பராமரிப்பு இல்லங்கள் என ஒவ்வொன்றுக்கும் ஓர் அமர்வு இருந்தது. முதிய ஆண்களின் பாலியல் நலம் பற்றி ஒரு மாணவர் அனுப்பியிருந்த கட்டுரைச் சுருக்கம் ஏற்கப்படவில்லை. காரணம் கேட்டபோது மூத்த பேராசிரியர் ஒருவர் புன்னகையோடு சொன்னார்: "இந்த வயதில் இது எதற்கு? பெரியவர்களைக் கொச்சைப்படுத்த வேண்டாம்." அரங்கில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அன்று சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

என் வாதம் எளியது. முதிய ஆண்களின் விறைப்புக் குறைபாடு கொச்சையான பேச்சுப்பொருளன்று. பெரும்பாலும் அது இரத்தக் குழாய்களின் நோய்க்குறி. அதைப் பேசக் கூச்சப்படும் கற்றோரும், அதைக் கூவி விற்கும் போலி வைத்தியரும் ஒருவருக்கொருவர் எதிரிகளல்லர். முன்னவரின் மௌனமே பின்னவரின் முதலீடு.

இதைத் திருவனந்தபுரத்திலிருந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி கேரள மக்கள்தொகையில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 12.6 விழுக்காடு, அப்போது இந்திய சராசரி 8.6. அரசின் மக்கள்தொகைக் கணிப்பு 2021-இல் கேரளத்தின் பங்கை 16.5 என்றும், 2031-இல் 20.9 என்றும் மதிப்பிடுகிறது. அதாவது ஐவரில் ஒருவர் முதியவர் என்ற நிலையை நோக்கி இம்மாநிலம் நாட்டிலேயே முதலாவதாக நடந்துகொண்டிருக்கிறது. இந்நகரின் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தைச் சேர்ந்த அச்சுதமேனன் மையம் மாநிலம் முழுவதும் பன்னிரண்டாயிரம் பேரிடம் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. பதினெட்டு முதல் அறுபத்தொன்பது வயதுக்கு இடைப்பட்டோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவும், பத்தில் மூவருக்கு இரத்த அழுத்தமும் இருப்பதாக அது கண்டது. முதுமை, நீரிழிவு, இரத்த அழுத்தம் என்ற இம்மூன்றையும் ஒருசேரச் சுமக்கும் சமூகத்தில் விறைப்புக் குறைபாடு அரிதாக இருக்க வழியே இல்லை. நாம் அதைக் காணாததற்குக் காரணம் நாம் கேட்காததே.

என் பெரியப்பாவிடமிருந்து தொடங்குகிறேன். மார்த்தாண்டத்துக்கு அருகே உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். இனப்பெருக்கப் பாடம் வந்தால், "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார் என அவரிடம் படித்தவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அறுபத்தெட்டாவது வயதில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையைச் சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கச் சொன்னார்கள். ஓராண்டு கழித்து ஓரிரவு அவர் மயங்கி விழுந்தார். இரத்த அழுத்தம் அதல பாதாளத்துக்குச் சென்றிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இளம் மருத்துவர் கேட்டார்: "வேறு ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா?" அவர் இல்லையென்று தலையசைத்தார்.

உண்மையை அவர் என்னிடம் சொன்னது பத்து நாள் கழித்து. மாதத்துக்கு ஒருமுறை விடுதி அறையில் வந்து தங்கும் 'வைத்தியர்' ஒருவரிடம் ஒரு பொடி வாங்கி, பாலில் கலந்து குடித்துவந்திருக்கிறார். "ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "அதை எப்பிடி மக்கா அந்தப் பிள்ளைகிட்ட சொல்லுவேன்? என் பேத்தி வயசு இருக்கும்" என்றார். அந்தப் பொடியில் என்ன இருந்தது என்பதை எவரும் சோதிக்கவில்லை. டப்பாவைப் பெரியம்மா முன்பே கிணற்றடியில் கொட்டிவிட்டிருந்தார். ஆகவே இன்னதுதான் நடந்தது என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் நடந்திருக்கக்கூடியது எது என்பது மருந்தியல் பயிலும் எந்த மாணவருக்கும் தெரியும். 'மூலிகை' என்ற பெயரில் விற்கப்படும் பாலூக்கப் பண்டங்களில் சில்டெனாஃபில், தடாலாஃபில் போன்ற வேதிமருந்துகள் சொல்லாமல் கலக்கப்பட்டிருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆண்டுதோறும் கண்டுபிடித்து எச்சரித்துவருகிறது. நைட்ரேட் உட்கொள்பவரின் உடலில் இவை சேர்ந்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

ஏன் என்பதை விளக்க உடலியங்கியலுக்குள் சற்றே செல்ல வேண்டும். விறைப்பு என்பது இரத்தம் பற்றிய நிகழ்ச்சி. கிளர்ச்சி ஏற்படும்போது நரம்பு முனைகளும் குழாய்ச் சுவர்களும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிடுகின்றன. அது சைக்ளிக் ஜிஎம்பி என்னும் சேர்மத்தைப் பெருக்குகிறது. அச்சேர்மம் குழாய்த் தசைகளைத் தளர்த்துகிறது. இரத்தம் உட்புகுந்து நிறைகிறது. நிறைந்த திசு சிரைகளை அழுத்தி இரத்தம் வடிவதைத் தடுக்கிறது. அச்சேர்மத்தைச் சிதைக்கும் நொதியின் பெயர் பாஸ்போடைஎஸ்டரேஸ்-5. சில்டெனாஃபில் அந்த நொதியைத் தடுக்கிறது. நெஞ்சுவலிக்கான நைட்ரேட்டோ நைட்ரிக் ஆக்சைடையே உடலுக்குள் வழங்குகிறது. ஒன்று குழாயைத் திறக்கிறது; மற்றது மூடவிடாமல் தடுக்கிறது. இரண்டும் கூடினால் உடல் முழுவதும் குழாய்கள் விரிந்து அழுத்தம் வீழ்கிறது. நைட்ரிக் ஆக்சைடின் இப்பணியைக் கண்டறிந்தமைக்காக ஃபர்ச்கொட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில்தான் சில்டெனாஃபிலுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அது நெஞ்சுவலிக்கென உருவாக்கப்பட்டுச் சோதனையின் போக்கில் திசைமாறிய மருந்து என்பது தற்செயலன்று. இதயமும் இவ்வுறுப்பும் ஒரே குழாயமைப்பின் இரு முனைகள்.

நமது மௌனம் உயிர் குடிக்கும் இடம் இதுதான். இதயத் தமனியின் விட்டம் மூன்று, நான்கு மில்லிமீட்டர். ஆண்குறிக்குச் செல்லும் தமனியின் விட்டம் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர். கொழுப்பு படிந்து குழாய்ச் சுவர் கெடும்போது குறுகிய குழாயே முதலில் அறிவிக்கும். இதய நோயாளிகளிடம் பின்னோக்கிக் கேட்ட பல ஆய்வுகள், நெஞ்சுவலிக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் முன்பே விறைப்புக் குறைபாடு தொடங்கியிருந்ததைக் காட்டின. அதாவது உடல் முன்கூட்டியே ஒரு கடிதம் அனுப்புகிறது. அக்கடிதத்தை வாசிக்கும் மருத்துவர் சர்க்கரையையும் கொழுப்பையும் அழுத்தத்தையும் சோதிப்பார். புகைபிடிப்பதை நிறுத்தச் சொல்வார். தேவையானால் இதயத்தைப் பரிசோதிப்பார். கடிதம் வைத்தியரின் விடுதி அறைக்குப் போய்ச் சேர்ந்தால், நோயாளிக்குப் பொடி கிடைக்கும். குழாய் அடைத்துக்கொண்டே போகும். என் பெரியப்பாவிடம் பின்னர் விசாரித்தேன். குறைபாடு தொடங்கியது நெஞ்சுவலிக்கு மூன்றாண்டு முன்பு. இடைப்பட்ட காலத்தில் அவர் இரத்த அழுத்தத்துக்காக மாதந்தோறும் மருத்துவரைப் பார்த்துவந்தவர். எவரும் அதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"வயதானால் இது இயல்புதானே?" என்ற வாதத்துக்கு வருகிறேன். பாதி உண்மை கொண்டது என்பதாலேயே இவ்வாதம் ஆபத்தானது. பாஸ்டன் வட்டாரத்தில் நாற்பது முதல் எழுபது வயது வரையிலான ஆண்களிடம் நடத்தப்பட்டு 1994-இல் வெளியான மாசச்சூசெட்ஸ் ஆய்வில், 52 விழுக்காட்டினருக்கு ஏதோவோர் அளவில் குறைபாடு இருந்தது. முழுமையான செயலிழப்பு நாற்பது வயதில் ஐந்து விழுக்காடாகவும், எழுபதில் பதினைந்தாகவும் இருந்தது. வயதோடு பெருகுகிறது என்பது சரி. ஆனால் எழுபது வயதிலும் முற்றாக இழக்காதவர்களே பெரும்பான்மையினர் என்பதும் அதே எண்ணின் மறுபக்கம். மேலும் அதே ஆய்வில், நீரிழிவுக்குச் சிகிச்சை பெறுவோரிடம் முழுச் செயலிழப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய மும்மடங்கு காணப்பட்டது. கிளர்ச்சி கூடத் தாமதமாகும். உறுதி சற்றுக் குறையும். மறுமுறைக்கு நெடுநேரம் வேண்டியிருக்கும். இவை முதுமையின் இயல்பு. முற்றாக நின்றுபோவது நோய். அதற்குக் காரணம் தேட வேண்டும். கண்புரையும் முதுமையோடு வருவதே. 'இந்த வயதில் பார்வை எதற்கு?' என்று நாம் கேட்பதில்லை.

காரணங்களின் பட்டியல் மர்மமானதன்று. நீரிழிவு குழாயையும் நரம்பையும் ஒருசேரக் கெடுக்கிறது. புகையிலை, உயர் அழுத்தம், கொழுப்பு, உடற்பருமன், மிகைக் குடி, சிறுநீரகச் செயலிழப்பு, பார்க்கின்சன் நோய், முதுகுத் தண்டுவடக் காயம், புராஸ்டேட் புற்றுக்கான அறுவையும் கதிர்வீச்சும், மனச்சோர்வு, மனைவியை இழந்த துயரம் ஆகியவை அடுத்தடுத்து வரும். ஆண் ஹார்மோன் குறைவு காரணங்களுள் ஒன்று. விளம்பரங்கள் சொல்வதுபோல முதற்காரணம் அன்று. அது விறைப்பைக் காட்டிலும் விருப்பத்தையே மிகுதியாகப் பாதிக்கிறது.

பலர் அறியாத காரணம் மருந்துகளே. அழுத்தத்துக்கான தயசைடு வகை நீரிறக்கிகள், பழைய பீட்டா தடுப்பிகள், மனச்சோர்வு மாத்திரைகளுள் பல, புராஸ்டேட் வீக்கத்துக்கான ஃபினாஸ்டிரைடு, இதய நோயாளிகளுக்குத் தரப்படும் ஸ்பைரனோலாக்டோன் ஆகியன இக்குறைபாட்டை உண்டாக்கலாம் அல்லது மிகுக்கலாம். நோயாளி வாய்திறந்து சொன்னால் மருத்துவர் மாற்று மருந்து தர முடியும். சொல்லாத நோயாளி என்ன செய்கிறார்? தானே மாத்திரையை நிறுத்திவிடுகிறார். அழுத்தக் கட்டுப்பாடு தோற்பதற்கு 'நோயாளியின் ஒத்துழைப்பின்மை' என்று ஆய்வேடுகளில் எழுதுகிறோம். அந்த ஒத்துழைப்பின்மைக்குள் சொல்லப்படாத இக்காரணம் எத்தனை பேரிடம் ஒளிந்திருக்கிறது என்று நம் வினாநிரல்கள் கேட்டதுண்டா?

சிகிச்சையும் மாயமன்று, படிகளாக வகுக்கப்பட்டது. முதற்படி காரணத்தைத் திருத்துவது. இத்தாலியில் உடற்பருமன் கொண்ட 110 ஆண்களிடம் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வில், உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் மேற்கொண்டோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மருந்தின்றியே இயல்பான செயல்திறனை மீட்டனர். அவர்கள் நடுவயதினர், முதியோருக்கு அவ்வளவு பயன் கிட்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நடைப்பயிற்சியைவிட மலிவான மருந்து எந்த விடுதி அறையிலும் கிடைக்காது. இரண்டாம் படி சில்டெனாஃபில் வகை மாத்திரைகள். இவை ஆசையை உண்டாக்குவதில்லை. கிளர்ச்சி இருந்தால் துணைசெய்கின்றன. நைட்ரேட் உட்கொள்வோருக்கு இவை அறவே கூடாது. மற்றவர்களுக்கு மருத்துவர் அறிவுரையோடு பாதுகாப்பானவை. இந்திய நிறுவனங்கள் 2001 வாக்கிலேயே இவற்றின் மலிவான வடிவங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டன. பயனில்லையேல் வெற்றிடக் கருவி, உறுப்பில் செலுத்தும் ஊசி, இறுதியாக உட்பொருத்தும் சாதனம் என்று வழிகள் உள்ளன. நீர் நிரப்பி விறைக்கச்செய்யும் வகை உட்பொருத்தும் சாதனத்தின் வரலாறு 1973-இலிருந்து தொடங்குகிறது. ஹார்மோன் ஊசி, காலை நேர இரத்தச் சோதனையில் குறைவு உறுதிப்பட்டவர்களுக்கு மட்டுமே. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வு, தோலில் பூசும் வடிவில் தரப்பட்ட அந்த ஹார்மோன் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் மிகுக்கவில்லை என்றாலும், இதயத் துடிப்புச் சீர்கேடும் நுரையீரலில் இரத்த உறைவும் சற்று மிகுந்தன என்று காட்டியது. இளமையை வாங்கித் தரும் ஊசியாக அதை விற்பவர்களுக்கு இந்த இரண்டாம் பாதி நினைவிருப்பதில்லை.

இளமை விற்பனை நம் நாட்டின் தனிச்சொத்தும் அன்று. 1889-இல் பாரிசில் எழுபத்திரண்டு வயதான பிரௌன்-செகார் என்ற புகழ்பெற்ற உடலியங்கியல் அறிஞர், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைப்பைச் சாற்றைத் தமக்கே ஊசியாகச் செலுத்திக்கொண்டு, இளமை திரும்பியதாக அறிஞர் அவையில் அறிவித்தார். நீரில் கரைத்தெடுத்த அச்சாற்றில் பயன்தரும் அளவுக்கு ஹார்மோன் இருந்திருக்க முடியாது. அவர் கண்டது நம்பிக்கையின் விளைவு. ஆயினும் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அந்த ஊசிக்காக அலைமோதின. 1920-இல் வோரொனாஃப் குரங்கின் விதைப்பைத் துண்டுகளை மனிதருக்குப் பொருத்தத் தொடங்கினார். செல்வந்தர்கள் வரிசையில் நின்றனர். கற்றறிந்த நகரங்களும் ஏமாறும். கேரளத்தின் எழுத்தறிவு விழுக்காட்டைச் சொல்லி நாம் தப்பிக்க முடியாது.

பிரௌன்-செகார் ஊசி போட்டுக்கொண்ட அதே 1889-இல்தான் திருவனந்தபுரத்தில் ஆயுர்வேதப் பாடசாலை தொடங்கப்பட்டது. இன்றைய அரசு ஆயுர்வேதக் கல்லூரியின் வேர் அது. மரபு மருத்துவத்தின் மீது எனக்குப் பகை இல்லை என்பதைச் சொல்லவே இதைக் குறிப்பிடுகிறேன். ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களுள் ஒன்று வாஜீகரணம். சரக சம்ஹிதை இக்குறைபாட்டை வகைப்படுத்தும்போது முதுமையால் வருவதைத் தனியே பிரித்து வைக்கிறது. கவலை, நோய், பட்டினி, அச்சம் ஆகியவற்றைக் காரணங்களாகப் பேசுகிறது. எழுபது வயதுக்கு மேல் கலவி தகாது என்று எல்லையும் வகுக்கிறது. அந்த எல்லையை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால், 'எண்பதிலும் இருபது' என்று சுவரொட்டி அடிப்பவர் சரகரின் பெயரைச் சொல்லத் தகுதியற்றவர். நூல் காரணம் தேடச் சொல்கிறது; சுவரொட்டி காரணத்தை மறைக்கிறது. மரபுக்கு முதல் துரோகி மரபின் பெயரால் விற்பவனே.

உள்ளூர் எடுத்துக்காட்டு ஒன்று. 1987-இல் அகத்தியமலைக் காடுகளுக்குச் சென்ற ஆய்வாளர்கள், வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் ஒரு சிறுசெடியின் கனியைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். ஆரோக்கியப்பச்சை என்று நாடறிந்த செடி அது. நம் மாவட்டத்தின் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதிலிருந்து 'ஜீவனி' என்ற களைப்புநீக்கியை உருவாக்கி, வருவாயில் காணிக்காரருக்கும் பங்கு அளித்தது. உலகமே மேற்கோள் காட்டும் முன்மாதிரி அது. அதே ஆய்வாளர்கள் அச்செடியின் சாறு ஆண் சுண்டெலிகளின் பாலுறவு நடத்தையைத் தூண்டுவதாக 1997-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அது நேர்மையான ஆய்வு. சுண்டெலியைப் பற்றியது என்று தலைப்பிலேயே சொல்லியது. சுண்டெலியிலிருந்து அறுபத்தெட்டு வயது நீரிழிவு நோயாளிக்கு வர இடையில் நச்சுத்தன்மைச் சோதனை, அளவு நிர்ணயம், ஒப்பீட்டுக் குழுவோடு மனிதச் சோதனை என்று நெடுந்தூரம் இருக்கிறது. விற்பனைக்காரர் அத்தூரத்தை ஒரே பாய்ச்சலில் கடக்கிறார். நிலப்பனைக்கிழங்கு, பூனைக்காலி, அமுக்கரா, நெருஞ்சில், வெள்ளை முஸ்லி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பூனைக்காலி விதையில் பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் லெவோடோபா இயற்கையாகவே உள்ளது. ஏற்கெனவே அம்மருந்தை உண்ணும் முதியவருக்கு அதன் பொருள் என்னவென்று 'பக்கவிளைவற்ற மூலிகை' என்று எழுதுபவர் சிந்தித்ததுண்டா?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, பாலின்பத் திறனைப் பேணவோ பெருக்கவோ உதவும் என்று எந்த மருந்தையும் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. முதற்குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை. மறுபடி செய்தால் ஓராண்டு வரை. ஹம்தர்த் தவாகானா வழக்கில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் சில பகுதிகளை நீக்கினாலும், இத்தகைய விளம்பரம் பேச்சுரிமையின் பாதுகாப்புக்கு உரியதன்று என்ற அடிப்படையை உறுதிசெய்தது. தண்டனையைக் கூட்டும் 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் வரைவாகவே நின்றுவிட்டது. ஆயுஷ் மருந்து விளம்பரங்களுக்கு மாநில அதிகாரியின் முன்னனுமதி வேண்டும் என்று 2018-இல் சேர்க்கப்பட்ட 170-ஆம் விதியை ஒன்றிய அரசு 2024 ஜூலையில் நீக்கியது. அடுத்த மாதமே அந்நீக்கத்துக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2025 ஆகஸ்டில் வழக்கு முடித்துவைக்கப்பட்டுத் தடையும் விலகியது. முன்னனுமதி போனது, எழுபதாண்டுப் பழைய சட்டம் மட்டும் கையில் இருக்கிறது. தம்பானூர்ப் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள்; மின்கம்பங்களை வாசியுங்கள். நள்ளிரவில் தமிழ்த் தொலைக்காட்சியைத் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றும் அச்சட்டத்தின் முகத்தில் ஒட்டப்பட்ட சுவரொட்டி.

ஆனால் சட்டம் ஒருபோதும் முழு விடையாகாது. விளம்பரத்தைத் தடுக்கலாம்; தேவையைத் தடுக்க முடியாது. நல்ல மருத்துவர் பேசக் கூசும் ஒன்றைப் போலி வைத்தியன் மட்டுமே பேசினால், நோயாளி அவனிடம்தான் போவார். அவன் விற்பது பொடி மட்டுமன்று. கேட்கும் செவியையும் சேர்த்து விற்கிறான்.

எதிர்வாதங்கள் இரண்டை மதிப்போடு எதிர்கொள்கிறேன். முதலாவது, முதுமையை மருந்து நிறுவனங்களுக்கு விற்காதீர்கள் என்பது. ஓய்ந்துவிட்ட ஆசையை நோய் என்று பெயரிட்டு மாத்திரை திணிப்பது வணிகம் என்கிறார்கள் தோழர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆசை தானே ஓய்ந்து, அதில் இருவரும் நிறைவாக இருந்தால், அங்கே மருத்துவனுக்கு வேலையில்லை. யார் மீதும் இதைத் திணிக்க நான் எழுதவில்லை. ஆனால் துன்பப்படும் ஒருவர் வந்து சொல்லும்போது 'துறவு பூணும் வயது' என்று அறிவுரை சொல்வதும் திணிப்புத்தான். ஆசிரம தர்மத்தைப் பிறர் படுக்கையறையில் அமல்படுத்தும் உரிமையை நமக்கு யார் தந்தது?

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது: மனைவியின் நிலை என்ன? இந்த விவாதம் முழுவதும் ஆணைப் பற்றியே நடக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு வறட்சியாலும் வலியாலும் கலவி துன்பமாகிவிட்ட பெண், கணவனின் குறைபாட்டில் ஓர் ஓய்வைக் கண்டிருக்கலாம். அவனுக்கு மட்டும் மாத்திரை கொடுத்து அனுப்புவது அவள் மீது ஏவப்படும் வன்முறையாக முடியலாம். இக்கேள்வியைப் பெண்ணியத் தோழிகள் எழுப்பியபோது என்னிடம் ஆயத்த விடை இருக்கவில்லை. இன்று என் விடை இது: ஆகவேதான் இது மருத்துவரின் அறைக்கு வர வேண்டும். அங்கே இருவரையும் அமர்த்திப் பேச முடியும்; அவளுடைய வலிக்கும் சிகிச்சை உண்டு; அவளுடைய மறுப்புக்கும் இடம் உண்டு. விடுதி அறை வைத்தியன் ஒருநாளும் "உங்கள் மனைவி என்ன சொல்கிறார்?" என்று கேட்டதில்லை. என் பெரியம்மா அந்த டப்பாவைக் கொட்டியது கோபத்தாலா, அச்சத்தாலா, வேறெதனாலா என்று இன்றுவரை எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை, நானும்தான்.

மொழித்துறை மாணவனாக ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'ஆண்மைக் குறைவு' என்கிறோம். தமிழில் ஆண்மை என்றால் வீரம், ஆளுமை, ஆளும் தன்மை. குழாய் அடைப்பு ஒன்றுக்கு இச்சொல்லைச் சூட்டியதன் மூலம், நீரிழிவு நோயாளியிடம் 'நீ ஆளே அல்ல' என்று சொல்லிவிட்டோம். மருத்துவ உலகம் 1992-இலேயே 'இயலாமை' என்ற பொருள்தரும் பழைய ஆங்கிலச் சொல்லைக் கைவிட்டு, செயல் குறைபாடு என்ற நடுநிலைச் சொல்லுக்கு மாறப் பரிந்துரைத்தது. நாம் இன்னும் விளம்பரக்காரன் தந்த சொல்லையே ஆய்வேடுகளிலும் எழுதுகிறோம். அதை மலட்டுத்தன்மையோடு குழப்புவோரும் உண்டு, இரண்டும் வெவ்வேறு. 'விறைப்புக் குறைபாடு' என்று எழுதுவோம். சொல் மாறினால் நோய் தீராது. சொல்ல வாயாவது திறக்கும்.

நான் கேட்பவை பெரியவை அல்ல. நீரிழிவு, அழுத்த நோயாளிகளைப் பார்க்கும் ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும், கண்ணையும் காலையும் சோதிப்பதுபோல, ஆண்டுக்கு ஒருமுறை இந்த ஒரு கேள்வியும் கேட்கப்பட வேண்டும். நைட்ரேட் எழுதித் தரும் மருத்துவர் 'பொடி, லேகியம், வேறு மாத்திரை எதுவும் கூடாது. எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்' என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். முதுமை குறித்து ஆய்வு செய்யும் நாம் நம் வினாநிரல்களில் பாலியல் நலத்துக்கு ஓரிடம் தர வேண்டும். ஆணிடமும் பெண்ணிடமும் கேட்க வேண்டும். நெறிமுறைக் குழுக்கள் அதை 'உணர்வைப் புண்படுத்தும் வினா' என்று நீக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். அரசு ஆயுர்வேத, சித்த மருத்துவர்கள் இந்த விளம்பரங்களுக்கு எதிராக முதலில் குரல் கொடுக்க வேண்டும். களங்கம் அவர்கள் மரபின் மீதுதான் படிகிறது.

அந்தப் பேராசிரியருக்கு என் பதில்: ஐயா, பெரியவர்களைக் கொச்சைப்படுத்துவது இதைப் பேசுவதன்று. பேசக்கூடாது என்று சிரித்து, அவர்களை விடுதி அறைகளுக்கு அனுப்பிவைப்பதுதான். பெரியப்பா இப்போது நலமாக இருக்கிறார். மாதந்தோறும் நானே மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். சென்ற முறை உள்ளே போகுமுன் என் கையைப் பிடித்து, "நீ வெளியே இரு மக்கா, நானே கேட்டுக்கிடுதேன்" என்றார். கதவு சாத்தப்பட்டது. கால் மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார்.

அந்தக் கால் மணி நேரத்தை எல்லா முதியவருக்கும் கேட்கிறேன். அந்த மாணவரின் கட்டுரைக்கு அடுத்த கருத்தரங்கில் ஓர் இருபது நிமிடமும் கேட்கிறேன். மறுப்போர் காரணத்தோடு மறுக்கலாம்; சிரிப்பைக் காரணமாக இனி ஏற்பதற்கில்லை.